தூசி யார் பக்கம்?

கேமராவில் ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரில் தூசி என்று பேச்செடுத்தாலே போட்டோ எடுப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "அதுல கையே வைக்காத, சர்வீஸுக்குக் கொடுத்துரு" என்பது ஒரு கட்சி. எங்கே போய்விட்டு வந்தாலும் அன்று இரவே துடைக்கும் ஸ்வாபும் திரவமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சியில் தொடங்கி, இரண்டாவது கட்சியில் கொஞ்சம் தீவிரமாகவே இருந்து, இப்போது எதிலும் இல்லாமல் நிற்கிறேன். தூசியைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது ஒரு காலண்டர் படம். அதைப் பற்றிய வழக்கு எங்கள் குடும்பத்தில் இன்னும் முடிந்தபாடில்லை.

படம் இதுதான். குலசேகரப்பட்டினம் தசரா, பத்தாம் நாள் பிற்பகல். காளி வேடம் போட்ட ஒருவர் கடற்கரையில் நிற்கிறார். கிரீடம் பாதி வானத்தை அடைத்திருக்கிறது. பின்னால் பொடிப்பொடியாகக் கூட்டம், அதற்கும் பின்னால் கடல். சூரசம்ஹாரத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. மேற்கே சாய்ந்த வெயில் நேராக முகத்தில் விழுந்து கிரீடத்தில் இருந்த கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் மின்னிக்கொண்டிருந்தன. அன்று நானும் என் அத்தை மகனும் சேர்ந்துதான் போயிருந்தோம். இருவரிடமும் ஒரே மாடல் டிஎஸ்எல்ஆர். சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்காக இருவர் படங்களையும் அளவு குறைத்து, வரிசை எண் போட்டு, ஒரே ஃபோல்டரில் வைத்தோம். அளவு குறைத்ததில், எந்தக் கேமராவில் எப்போது எடுத்தது என்று கோப்புக்குள் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவல் எல்லாம் போய்விட்டது. அன்றைய மூலக் கோப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் பிற்பாடு செத்துப்போனது. அப்புறம் ஒரு பாத்திரக்கடைக்காரர் காலண்டருக்குப் படம் கேட்டார், அத்தை வீட்டிலிருந்து அந்தக் காளி போனது. காலண்டரில் எடுத்தவர் பெயர் இல்லை.

சொந்தத்தில் எல்லார் வீட்டுச் சுவரிலும் அந்தக் காலண்டர் தொங்க ஆரம்பித்தபோது பிரச்சினை தொடங்கியது. "எம் மவன் எடுத்த படம்லா" என்றார் அத்தை. "மதினி, ஒங்க மவன் அன்னைக்கு முழுக்கச் சுண்டல் தின்னுட்டுக் கெடந்தான்னு அவனே சொன்னானே" என்றார் அம்மா. நாங்கள் இருவரும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் படம் எடுத்தது நினைவிருக்கிறது. மச்சானுக்கும் அதே அளவு தெளிவாக நினைவிருக்கிறது. அந்தக் காளி முட்டி போட்டிருந்த என்னைப் பார்த்து நாக்கை உள்ளே இழுத்துச் சிரித்தார் என்பது என் நினைவு. தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்பது அவன் நினைவு.

சுருக்கிய கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வானத்தில் இருந்த புள்ளிகள் கண்ணில் பட்டன. கிரீடத்துக்கு இடப்பக்கம் ஒரு பெரிய உருண்டை. வலது ஓரத்தில் ஒட்டி ஒட்டி இரண்டு. மேலே வளைந்த முடி மாதிரி ஒன்று. இன்னொன்று தொலைவில் பறந்த பருந்து. அடுத்த படத்தில் அது இடம் மாறியிருந்தது, மற்றவை அங்கேயே இருந்தன. பறவையா தூசியா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. காலண்டர் அடித்த டிடிபிக்காரர் இந்தச் சோதனை எல்லாம் செய்யவில்லை. வானத்தில் கறுப்பாக இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டார், பருந்து உட்பட.

நிழல்தான் தெரிகிறது

தூசி உட்காருவது ஒளியை வாங்கும் சிலிக்கான் பரப்பின் மேல் இல்லை. அதற்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, அகச்சிவப்பை வடிகட்டுவது போன்ற வேலைகளுக்காக ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது. அதன் முகத்தில்தான் ஒட்டுகிறது. படத்தில் நாம் பார்ப்பது தூசியின் நிழலை. நிழல் எவ்வளவு அழுத்தமாக விழும் என்பதை அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு, முடிவு செய்கிறது. எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 2.8இல் ஒரு பிக்சலுக்கு வந்து குவிகிற ஒளிக்கூம்பு அந்தக் கண்ணாடியைக் கடக்கும் இடத்தில் சுமார் 360 மைக்ரான் அகலம் இருக்கும். அங்கே 50 மைக்ரான் தூசி ஒன்று கிடந்தால் மறைப்பது ஒளியில் சுமார் 2 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. எஃப் 16க்குப் போனால் கூம்பு 62 மைக்ரானாகச் சுருங்கிவிடும். அதே தூசி இப்போது அறுபது சதவீதத்துக்கு மேல் மறைக்கிறது. எஃப் 22இல் கூம்பு தூசியைவிடச் சிறியது, ஒளி முழுசாகவே அடைபட்டுவிடும். அன்று இரவு சூரசம்ஹாரத்தை எஃப் 2.8இல் எடுத்த படங்கள் எதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. கேமராவும் அதேதான், தூசியும் அதேதான். கல்யாண போட்டோகிராபர்கள் மண்டபத்துக்குள்ளேயே வருஷக்கணக்கில் வேலை பார்த்து, சென்சாரைப் பற்றி நினைக்காமலேயே இருந்துவிட முடிவதும் இதனால்தான். அவுட்டோர் ஷூட் என்று மணமக்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

ஃபிலிமில் இந்தச் சிக்கல் இந்த வடிவத்தில் இருந்ததில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புது ஃபிலிம் நகர்ந்து வரும், ஒட்டிய தூசி அந்த ஃபிரேமோடு போய்விடும். டிஜிட்டலில் எல்லாப் படத்துக்கும் ஒரே சென்சார். இன்று விழுந்த தூசி நாளைக்கும், அடுத்த மாதமும், அதே இடத்தில் நிழல் போடும்.

கேமரா நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1, சென்சாருக்கு முன்னால் ஒரு தகட்டை வைத்து அதை மீயொலி அதிர்வெண்ணில் அதிரவைத்துத் தூசியை உதறியது. 2006இல் கேனான் 400டியில் அதுபோல ஒன்று வந்தது, பிறகு பலரும் வைத்தார்கள். உதிர்கிற தூசியைப் பிடிக்கக் கீழே பசை உள்ள பட்டையும் பலவற்றில் உண்டு. லென்ஸ் உலகத்தைத் தலைகீழாகத்தான் சென்சாரில் போடுகிறது. அதனால் சென்சாரின் கீழ்ப்பகுதிதான் படத்தில் வானம். உதறிய தூசி பட்டைக்குப் போய்ச் சேராமல் கீழ் ஓரத்தில் தங்கிவிட்டால், அது வானத்தில்தான் முளைக்கும். வேறு எங்கே விழுந்திருந்தாலும் மணலிலும் கூட்டத்திலும் கலந்து மறைந்திருக்கும், நமக்கு வாய்ப்பது வானம்.

லென்ஸைக் கழற்றாமலே இருந்தால் தூசி வராது என்று நினைப்பவர்களுக்கு நிக்கான் டி600இன் கதையைச் சொல்ல வேண்டும். 2012இல் வெளிவந்த அந்தக் கேமராவில் படத்தின் இடது மேல்மூலையில் புள்ளிகள் சேருவதாகப் பல நாட்டிலிருந்தும் புகார் வந்தது. அடுத்த ஆண்டே டி610 வந்துவிட்டது. 2014இல், உத்தரவாதக் காலம் முடிந்த டி600களுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. கேமராவுக்குள்ளேயே அசைகிற பாகங்கள் இருக்கின்றன, அவையும் உதிர்க்கும், எண்ணெய் தெறிக்கும். சரி, அது தனிக் கதை.

அண்ணாச்சி கடை மேசை

என் முதல் கட்சி விசுவாசம் கலைந்தது திருச்செந்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணாச்சியின் மேசையில். பழைய ஆள். நெகட்டிவ் காலத்தில் கூர்சீவிய பென்சிலால் டச்சிங் செய்து முகத்தில் பருவையும் சுருக்கத்தையும் மறைத்தவர். பிரிண்டில் தூசி வெள்ளைப் புள்ளியாக விழும், அதை மெல்லிய பிரஷ்ஷால் சாயம் தொட்டு மறைப்பார். "அப்பம் வெள்ளையா விழுந்துச்சு, இப்பம் கறுப்பா விழுது, அவ்வளவுதாம் தம்பி வித்தியாசம்" என்பார். அவரிடம் நான் கேமராவை எடுத்துப் போனது சர்வீஸ் சென்டர் முகவரி கேட்பதற்குத்தான். அவர் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். முழுசாக இருக்கிறது என்றேன். மெனுவில் போய், சென்சாருக்கு முன்னால் நிற்கும் முகம்பார்க்கும் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தினார், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் காற்றடித்தார். பிறகு ஸ்வாபைப் பிரித்து, இரண்டு சொட்டுத் திரவம் விட்டு, சில நொடி காத்திருந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு. ஸ்வாபைத் திருப்பி மறுபக்கத்தால் திரும்ப ஒரு இழுப்பு. ஸ்வாபைக் குப்பையில் போட்டுவிட்டார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "இது சென்சார் இல்ல தம்பி, அதுக்கு மேல கெடக்குற கண்ணாடி. கண்ணாடி தொடைக்கத் தெரியாத ஆளு யாரு இருக்கான்?" என்றார். இந்த அலட்சியத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் அவரே காட்டினார். சென்சாரின் உயரத்துக்கு ஏற்ற அகலம் ஸ்வாபில் இருக்க வேண்டும். முழு ஃபிரேம் சென்சாருக்கு 24 மில்லிமீட்டர், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சிக்கு 16. ஓரத்தில் இடித்தால் அங்கிருக்கும் கிரீஸை இழுத்துக் கண்ணாடி முழுக்கப் பூசிவிடும், தூசியைவிட அது பெரிய தொல்லை. முதலில் காற்றடிக்காமல் துடைத்தால் மணல் கீறும், எங்கள் பக்கத்து மணலுக்கு அந்தக் குணம் அதிகம். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று வேண்டவே வேண்டாம், சாய்த்துப் பிடித்தால் காற்றுக்குப் பதில் திரவமே பீய்ச்சிவிடும். வாயால் ஊதுவதைப் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து நான் இரண்டாவது கட்சி. பயம் போன இடத்தில் வெறி வந்து உட்கார்ந்தது. வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எஃப் 22இல் எடுப்பது, கணினியில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பார்ப்பது, துடைப்பது, மறுபடி எடுப்பது. இந்தச் சோதனையில் எந்த சென்சாரும் தேறாது. கான்ட்ராஸ்ட்டை ஏற்ற ஏற்ற ஏதாவது ஒன்று தெரிந்துகொண்டேதான் இருக்கும். எஃப் 22இல் நான் எடுத்த உருப்படியான படம் ஒன்றுகூடக் கிடையாது, சுவர்களைத் தவிர. எஃப் 11இல் வானத்தில் தெரியாத தூசி எனக்குத் தூசியே இல்லை என்று இப்போது வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு தெரிந்தால் கணினியில் அழிக்க ஹீலிங் பிரஷ் இருக்கிறது.

கேமரா சொன்ன சாட்சி

காளி படத்துக்கு வருகிறேன். தூசிப் புள்ளிகள் கேமராவைக் காட்டிக்கொடுக்கும் என்பது எனக்குத் தோன்றிய புது யோசனை இல்லை. 2008இலேயே அகமத் எமிர் திரிக், ஹுஸ்ரெவ் தாஹா சென்கார், நாசிர் மேமன் என்ற மூவர், ஒரு படம் எந்த டிஎஸ்எல்ஆரில் எடுக்கப்பட்டது என்பதை சென்சார் தூசியை வைத்தே கண்டுபிடிக்கும் முறையை ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு லூக்காஸ், ஃப்ரிட்ரிக், கோல்யான் என்ற இன்னொரு மூவர் வேறு வழி காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சென்சாரிலும் பிக்சல்கள் ஒளிக்குக் காட்டும் சிறுசிறு ஏற்றத்தாழ்வுகளைக் கைரேகை போல எடுத்துக்கொள்வது. அது சிலிக்கானோடு பிறந்தது, துடைத்தால் போகாது. ஆனால் அதற்குக் கணக்குப் போடும் மென்பொருள் வேண்டும். தூசிக்குக் கண் போதும். லென்ஸையும் அப்பெர்ச்சரையும் பொறுத்து நிழல் கொஞ்சம் நகரும், பெருக்கும், சிறுக்கும். ஆனால் புள்ளிகள் ஒன்றுக்கொன்று இருக்கும் அமைப்பு பெரிதாக மாறாது.

ஒப்பிடுவதற்குப் படம் வேண்டுமே. அதே வாரம் குதிரைமொழித் தேரியில் செம்மண் மேடுகளை நான் எடுத்த ரா கோப்புகள், அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்புகள், இருந்தன. தசராவுக்கு மறுநாள் மணப்பாட்டில் மச்சான் எடுத்தவையும் அவனிடம் இருந்தன. இரண்டிலும் கேமராவின் சீரியல் எண் உள்ளேயே பதிந்திருக்கும், சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் தேரி வானத்தில் நடுவில் ஒரு கூட்டமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். காளி படத்தில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. மணப்பாட்டுக் கோயில் கோபுரத்துக்கு மேலே இருந்த வானத்தைத் திறந்தான். இடப்பக்கம் பெரிய உருண்டை. வலது ஓரத்தில் ஒட்டி ஒட்டி இரண்டு. மேலே வளைந்த முடி.

"மச்சான், இனிமே பேச்சுக் கெடையாது" என்றான். அத்தை அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதையும் கேட்காமலே, "நாந்தாம் அப்பமே சொன்னேனே" என்றார்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படம் அகலக் கோண லென்ஸில் எடுத்தது. அன்று அவன் கேமராவில் அகலக் கோணம், என் கேமராவில் தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி. கடற்கரையில் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் தேரியையே குடிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று, லென்ஸை மாற்றுவதற்குப் பதிலாக நாங்கள் கேமராக்களையே கைமாற்றிக்கொண்டோம். ஒரே மாடல் என்பதால் பட்டன் தேடுகிற வேலையும் இல்லை. கைமாற்றியது உண்மை என்று அவனும் ஒப்புக்கொள்கிறான். காளியை எடுத்த பிறகுதான் மாற்றினோம் என்பது அவன் கட்சி. அதற்கு முன்பே என்பது என் கட்சி. புள்ளிகள் அவன் கேமராவின் புள்ளிகள்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த நேரத்தில் அது யார் கையில் இருந்தது என்று புள்ளி சொல்லாது. தூசி விழக்கூடாது என்று அத்தனை கவனமாக நாங்கள் செய்த காரியம்தான் தூசியின் சாட்சியைச் செல்லாமல் ஆக்கிவிட்டது.

இதை அத்தையிடம் விளக்கிப் பார்த்தேன். "கேமரா அவம்துன்னா படமும் அவம்துதாம்" என்று தீர்ப்பு வந்தது. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இவ்வளவு உறுதியாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அத்தையை நான் குறை சொல்லவில்லை. புலனாய்வில் கருவியைக் காட்டும் எந்தத் தடயத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கருவி வரைக்கும் போகும், ஆள் வரைக்கும் போகாது. அந்த இடைவெளியை மனிதர்களின் நினைவைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் இரண்டு பேர் நினைவிலும் காளி நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்.

துடைப்பதற்கு முன்னால்

இதற்குப் பிறகு என் பழக்கம் ஒன்று மாறியது. இப்போதும் சென்சாரை நானேதான் துடைக்கிறேன், தேவைப்பட்டால் மட்டும். ஆனால் துடைப்பதற்கு முன்னால் வெள்ளைச் சுவரை எஃப் 22இல் ஒரு படம் எடுத்து, தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்துவிடுகிறேன். துடைத்த பிறகு இன்னொன்று. பார்க்க ஒன்றும் இல்லாத சாம்பல் படங்கள், வரிசையாகக் கிடக்கின்றன. இதனால் எதிர்பாராத உபயோகம் ஒன்றும் உண்டு. கேமராக் கடிகாரம் தப்பாக ஓடிய காலத்துப் படங்களை எல்லாம் இந்தச் சாம்பல் படங்களோடு வைத்துப் பார்த்து எது முந்தி எது பிந்தி என்று ஓரளவு வரிசைப்படுத்த முடிந்தது. ஒரு புள்ளி எந்த மாதம் வந்தது, எந்த மாதம் போனது என்று தெரிந்தால் போதும். தேரிக்குப் போய்வந்த பிறகு கூடும், மழைக்காலம் முழுக்க அப்படியே கிடக்கும். என்னைவிடக் கேமரா ஒழுங்காக நாட்குறிப்பு எழுதியிருக்கிறது.

பழைய படங்களில் புள்ளிகளை அழிப்பதிலும் கை கொஞ்சம் தயங்குகிறது. அச்சுக்குப் போகும் கோப்பில் அழிக்கிறேன், மூலத்தில் விட்டுவிடுகிறேன். ரா கோப்பில் பிரஷ் வேலை எல்லாம் தனிக் குறிப்பாகத்தான் நிற்கும் என்பதால் இதற்குப் பெரிய மெனக்கெடலும் இல்லை. தானாகத் தூசி நீக்கும் வசதியைப் பறவைப் படங்களில் நான் தொடுவதே இல்லை. கூந்தன்குளத்து வானத்தில் எது தூசி எது வரித்தலை வாத்து என்று அதற்கு எப்படித் தெரியும்?

மச்சானிடம் சாம்பல் படங்களின் ஃபோல்டரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தான். "நல்ல வேலதாம் மச்சான். அடுத்த தசராவுக்குப் போறதுக்கு மின்ன ரெண்டு பேரும் சுவத்த எடுத்து வச்சிருவோம். ஆனா இந்தக் கேமராவக் கைமாத்துற சோலி மட்டும் வேண்டாம். லென்ஸு மாத்தணும்னா காருக்குள்ள போயி கண்ணாடிய ஏத்திட்டு மாத்திக்கிடலாம்" என்றான். சரி என்றேன். காரை எங்கே நிறுத்துவது என்று இன்னும் முடிவாகவில்லை. பத்தாம் நாள் ஊருக்குள் வண்டியை விட மாட்டார்கள்.